எந்த இசைப்பானை வாங்குவது? – ஒரு பத்தாண்டுக் கேள்வியின் வரலாறு

பொருள்களின் வரலாறு எழுதப்படுகிறது. அவற்றைச் செய்த நிறுவனங்களின் வரலாறும், நிறுவனர்களின் வாழ்க்கையும் தடித்த நூல்களாக வருகின்றன. கடையின் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்று ‘இதுவா, அதுவா’ என்று தயங்கியவரின் வரலாற்றை மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஆயினும் ஒரு காலகட்டத்தின் மனத்தை அறிய அந்தத் தயக்கத்தைப்போல உதவுவது வேறில்லை. எவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எதை ஒப்பிட மறந்தார்கள் என்பதில் அக்காலத்தின் அறிவும் அறியாமையும் ஒருசேரப் பதிந்திருக்கின்றன.

1998 முதல் 2007 வரையிலான பத்தாண்டில் உலகின் பல நாடுகளில் இசைப்பித்தர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: கையடக்க எண்முறை இசைப்பான்களில் எதை வாங்குவது? இதழ்கள் ஒப்பீட்டு அட்டவணைகளை வெளியிட்டன. எத்தனை பாடல்கள் கொள்ளும், எத்தனை மணி நேரம் மின்கலம் தாங்கும், எத்தனை கிராம் எடை, என்ன விலை என்ற நான்கு கேள்விகளுக்கும் அவற்றில் விடை இருந்தது. ஐந்தாவது கேள்வி ஒன்று இருந்தது. இந்தப் பெட்டிக்குள் போகும் பாட்டு, நாளை வேறொரு பெட்டிக்குப் போக முடியுமா? பின்னால் வந்த நிகழ்ச்சிகள், முதல் நான்கு கேள்விகளும் சில ஆண்டுகளில் பொருளிழந்து போனதையும், பெரும்பாலான அட்டவணைகளில் இடம்பெறாத ஐந்தாவது கேள்வியே நிலைத்து நின்றதையும் காட்டின. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலிநாடாவின் பெருந்தன்மை

சோனி நிறுவனத்தின் முதல் வாக்மேன் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 33,000 யென். பதிவு செய்யும் வசதி அதில் இல்லை. கேட்க மட்டுமே முடியும். இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு ஹெட்போன் துளைகளும், இசையைத் தாழ்த்திவிட்டு ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கு ஒரு பொத்தானும் வைத்திருந்தார்கள். தனிமையில் கேட்பதற்கான கருவி என்று பின்னால் பேர்பெற்ற ஒன்று, பிறக்கும்போது தனிமைக்கு அஞ்சியே பிறந்தது என்பது சுவையான செய்தி.

வாக்மேன் வாங்கியவர் பெட்டியை மட்டுமே தேர்ந்தெடுத்தார். பாட்டைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. 1963-இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழையைப் பிற நிறுவனங்களும் செய்துகொள்ளலாம் என்று பிலிப்ஸ் கட்டணமின்றி உரிமம் அளித்திருந்தது. அதனால் எந்த நிறுவனத்தின் நாடாவும் எந்த நிறுவனத்தின் கருவியிலும் சுழன்றது. நம் ஊர்களில் பாடல் பதிவுக் கடைகள் தழைத்ததும் இந்தப் பெருந்தன்மையின் நிழலில்தான். வேண்டிய பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து 60 அல்லது 90 நிமிட நாடாவாக வாங்கி வந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதிவுரிமைச் சட்டத்தின் கண்ணில் அக்கடைகள் சரியானவை அல்ல. அது வேறு செய்தி. டேப் ரிக்கார்டர் பழுதானால் வேறொன்று வாங்கினார்கள். நாடாக்கள் அப்படியே அதில் பாடின. அது அன்று இயல்பாகத் தோன்றியது. அது ஒரு நிறுவனம் எடுத்த முடிவின் விளைவு என்பதும், மாற்று முடிவும் எடுக்கப்படலாம் என்பதும் பிறகே தெரியவந்தன.

எர்லாங்கனில் பிறந்த வடிவம்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய சகாக்களும் 1980-களின் பிற்பகுதியில் செய்த ஆய்வு, மனிதச் செவியின் ஒரு குறையைப் பயன்படுத்திக்கொண்டது. ஓங்கி ஒலிக்கும் ஓசை, அதனருகில் ஒலிக்கும் மெல்லிய ஓசையை மறைத்துவிடும். காது கேளாததைச் சேமித்து வைப்பானேன்? மறைந்துபோகும் ஒலிகளைக் கழித்துவிட்டால் கோப்பு சிறுத்துவிடும். சுசான் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி துணைக்கருவி ஏதுமின்றித் தனிக்குரலில் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாடலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுத் தம் முறையைச் செம்மை செய்தார் பிராண்டன்பர்க். ஆர்ப்பாட்டமான இசையில் தெரியாத குறைகள் தனிக்குரலில் தெரிந்துவிடும் என்பதே காரணம். இந்தக் கோப்புகளுக்கு ‘எம்.பி.3’ என்ற ஈற்றுப்பெயர் 1995 ஜூலையில் முடிவாயிற்று.

கணக்கு எளிது. குறுந்தகட்டில் ஒரு நிமிட இசைக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். விநாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் அதை எம்.பி.3 ஆக்கினால் ஏறத்தாழ 1 மெகாபைட் போதும். கணினியில் கிடந்த பாட்டு சட்டைப்பைக்குள் வருவதற்கு இதுவே வழி திறந்தது.

1998-இல் தென்கொரியாவின் சேஹன் நிறுவனம் ‘எம்.பி.மேன்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. உள்நினைவகம் 32 மெகாபைட். அரைமணி நேரப் பாட்டு. அதே ஆண்டு அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா ‘ரியோ’ என்ற கருவியை 200 டாலருக்கு அறிவித்தது. அதற்கும் அதே 32 மெகாபைட்தான். 90 நிமிட நாடாவைக் காட்டிலும் குறைவாகப் பாடும் ஒன்றை அந்த விலை கொடுத்து யார் வாங்குவார் என்று கேட்பது நியாயமே. இசை நிறுவனங்கள் அப்படிக் கேட்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போயின.

நகலின் நகல்

அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் 1998 அக்டோபரில் ரியோவுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 1992-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட வீட்டுப் பதிவுச் சட்டமே வழக்கின் அடிப்படை. எண்முறையில் பதிவு செய்யும் கருவி எதுவாயினும் அதில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். அந்தத் தடுப்பு மூலத்திலிருந்து ஒரு நகல் எடுக்க விடும். ஆனால் அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுக்க விடாது.

தமிழ் இலக்கியம் படித்தவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். நம் கையில் இருக்கும் பழைய இலக்கியம் முழுவதும் நகலின் நகலின் நகல்தான். பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. செல்லரிக்கும், ஒடியும், நம் வெயிலிலும் ஈரத்திலும் பொடியும். ஓலை சிதைவதற்குள் யாரோ ஒருவர் அதைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவர முடிந்ததென்றால், அவருக்கு முன் பல நூற்றாண்டுகளாகப் பெயர் தெரியாத எழுத்தாளர்கள் நகலிலிருந்து நகல் எடுத்துக்கொண்டிருந்ததே காரணம். ‘ஒரு முறைக்கு மேல் பெயர்த்தெழுதலாகாது’ என்று ஒரு விதி இருந்திருந்தால் சங்கப் பாட்டு ஒன்றும் நமக்கு எட்டியிராது.

ரியோ வழக்கில் 1999 ஜூன் 15 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் டயமண்ட் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ரியோ தன் பாடல்களைக் கணினியின் வன்தட்டிலிருந்து பெறுகிறது. கணினி அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரவில்லை. எனவே ரியோவும் வராது என்றது. அதோடு, ஒருவர் தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பாடலைத் தாம் செல்லும் இடத்துக்கு எடுத்துச் செல்ல ஏதுவாக நகலெடுப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு இசைந்ததே என்றும் கூறியது. 1984-இல் வீடியோ நாடா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமாகாது என்று சொல்லியிருந்தது. அது காலத்தை நகர்த்துவது. இது இடத்தை நகர்த்துவது. கையடக்க இசைப்பான்களின் சந்தை முழுவதும் இந்தத் தீர்ப்பின்மேல் எழுந்தது.

ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ரியோவுக்குள் ஏற்றிய பாட்டை அதிலிருந்து வேறு கணினிக்கு இறக்க முடியாது என்பதையும் நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறித்திருந்தது. உள்ளே போகும், வெளியே வராது. வென்ற கருவியிலேயே அடுத்த பூசலின் விதை இருந்தது.

வன்தட்டின் வருகை

32 மெகாபைட்டுக்கும் மனிதனின் ஆசைக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தது. மடிக்கணினியின் வன்தட்டையே இசைப்பானுக்குள் வைத்தால் என்ன என்று காம்பேக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எண்ணினார்கள். அவர்கள் வடிவமைத்து, கொரிய நிறுவனம் ஒன்று 1999-இல் விற்ற கருவி 4.8 கிகாபைட் கொண்டது. 2000-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 கிகாபைட்டோடு ‘நோமாட் ஜூக்பாக்ஸ்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையால் கணினிகளுக்குக் குரல் கொடுத்த சிம் வோங் ஹூவின் நிறுவனம் அது. குறுந்தகடு இசைப்பானின் பருமனில் இருந்த அக்கருவி எந்தச் சட்டைப்பைக்கும் அடங்கவில்லை. பாடல்களை ஏற்றவோ மணிக்கணக்காகும், அக்காலத்து யு.எஸ்.பி. இணைப்பின் வேகம் அவ்வளவுதான்.

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிவித்தது. 5 கிகாபைட், 184 கிராம், 399 டாலர். தோஷிபா நிறுவனம் செய்திருந்த 1.8 அங்குல வன்தட்டு அதை விரலிடுக்கில் பிடிக்கும் அளவுக்குச் சுருக்கியது. ஃபயர்வயர் இணைப்பு வழியாக ஆயிரம் பாடல்களைப் பத்து நிமிடத்துக்குள் ஏற்றிவிடலாம் என்றது ஆப்பிள். பெயர்பெற்ற தொழில்நுட்பத் தளம் ஒன்றின் நிறுவனர், கம்பியில்லா இணைப்பு இல்லை, நோமாடைவிடக் கொள்ளளவும் குறைவு என்று ஒரு வரியில் அதைத் தள்ளிவிட்டார். அவர் கூறிய இரண்டும் உண்மை. அட்டவணையை மட்டும் பார்த்தால் நோமாடே வென்றிருக்க வேண்டும்.

ஆனால் வாங்கியவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். ஆயிரம் பாடல்களுக்கு நடுவே வேண்டிய ஒன்றை ஒரு விரலால் சுழற்றி எடுக்க முடிந்ததும், கணினியோடு இணைத்தவுடன் எல்லாம் தானாக ஒழுங்கானதும் அவர்களை ஈர்த்தன. பட்டியலுக்குள் பட்டியலாகப் பாடல்களைத் தேடும் அம்முறைக்குத் தன்னிடமே காப்புரிமை இருப்பதாகக் கிரியேட்டிவ் பின்னால் வழக்காடியது. 2006 ஆகஸ்டில் ஆப்பிள் 10 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. சந்தையில் தோற்ற நிறுவனம் காகிதத்தில் வென்ற கதை அது.

பூட்டுகளின் காலம்

இனி ஐந்தாவது கேள்விக்கு வருவோம். வாக்மேனைத் தந்த சோனி இந்தப் போட்டியில் பின்தங்கியது ஏன்? 1988-இல் அந்நிறுவனம் சி.பி.எஸ். இசை நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்தது. வீடியோ நாடா வழக்கில் மக்கள் நகலெடுக்கும் உரிமைக்காக நின்ற நிறுவனம், இப்போது நகலெடுப்பைக் கண்டு அஞ்சும் பாடல்களுக்கும் உரிமையாளர் ஆயிற்று. 1999-இல் அது வெளியிட்ட எண்முறை வாக்மேன் எம்.பி.3 கோப்பை நேரடியாகப் பாடாது. கணினியில் அதைச் சோனிக்கே உரிய ‘அட்ராக்’ வடிவத்துக்கு மாற்றி, பூட்டிய பிறகே கருவிக்குள் ஏற்ற முடியும். ஒரு பாட்டை மூன்று முறை வெளியே அனுப்பலாம். நான்காம் முறை வேண்டுமானால் முன்பு போனதில் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து வரவு வைக்க வேண்டும். நூலகத்திலிருந்து தம் சொந்தப் புத்தகத்தையே இரவல் வாங்குவது போன்ற ஏற்பாடு. 2004-இல் வந்த 20 கிகாபைட் வன்தட்டுக் கருவிகூட முதலில் எம்.பி.3-ஐ நேராகப் பாடவில்லை; அந்த ஆண்டின் இறுதியில்தான் சோனி இறங்கிவந்தது.

இந்த மாற்றத்தில் இன்னொரு இழப்பும் உண்டு. கழித்து எடுத்த எம்.பி.3-ஐ மீண்டும் கழித்து அட்ராக் ஆக்கும்போது ஒலி மேலும் தேயும். ஏடு பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழையால் பாடபேதங்கள் பெருகியதை நாம் அறிவோம். எண்முறைக் கோப்பின் பெருமையே அதை அப்படியே நகலெடுத்தால் பாடபேதம் நேராது என்பதுதான். வடிவத்தை மாற்றியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது அந்தப் பெருமையும் போயிற்று.

ஆப்பிளின் பூட்டு இதைவிட மென்மையானது, ஆகவே வலிமையானதும்கூட. 2003 ஏப்ரல் 28 அன்று அது தன் இணையப் பாடற்கடையைத் திறந்தது. தொடக்கத்தில் 2 லட்சம் பாடல்கள். ஒன்று 99 சென்ட். அங்கே வாங்கிய பாட்டு, கையடக்கக் கருவிகளில் ஐபாடில் மட்டுமே பாடும். குறுந்தகட்டில் எழுதிக்கொள்ளும் ஒரு வாசல் திறந்திருந்தது. ஆனால் வேறொரு நிறுவனத்தின் கருவிக்குப் போக நேர்வழி இல்லை. பூட்டில்லாத கோப்புகளையும் ஐபாட் தனக்குள் ஒதுக்கமான கோப்புறைகளில், பொருளற்ற எழுத்துகளைப் பெயராக இட்டு வைத்துக்கொண்டது. கணினியிலிருந்து பாட்டு கருவிக்குப் போகும். கருவியிலிருந்து எடுக்க வேறு மென்பொருள் தேட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் எடுத்த வழி வேறு. 2004-இல் அது தன் பூட்டை எல்லா நிறுவனங்களுக்கும் உரிமமாகக் கொடுத்தது. கிரியேட்டிவ், ஐரிவர், சாம்சங் முதலியோரின் கருவிகளில் ‘நிச்சயம் பாடும்’ என்ற பொருளில் ஒரு முத்திரை ஒட்டப்பட்டது. எந்தக் கடையில் வாங்கினாலும் எந்தக் கருவியிலும் பாடும் என்ற அந்த உறுதியை நம்பிப் பலர் ஐபாடைத் தவிர்த்து இவற்றை வாங்கினார்கள். சுதந்திரமான தேர்வு என்றே அது தோன்றியது. 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தானே ‘சூன்’ என்ற இசைப்பானை வெளியிட்டது. ‘நிச்சயம் பாடும்’ முத்திரையோடு வாங்கிய பாடல்கள் சூனில் பாடவில்லை. ஒரு சூனிலிருந்து இன்னொரு சூனுக்குக் கம்பியில்லாமல் பாட்டை அனுப்பலாம். ஆனால் பெற்றவரிடம் மூன்று முறை பாடியதும், அல்லது மூன்று நாள் கழிந்ததும் அது ஊமையாகிவிடும். நீங்களே பாடிப் பதிவு செய்த பாட்டானாலும் அதே விதி.

திறவுகோல் தொலைந்த ஆண்டு

பூட்டிய பாட்டுக்கு எங்கோ ஒரு வழங்கிக் கணினியில் திறவுகோல் இருக்கிறது. அந்த வழங்கியை நிறுத்திவிட்டால்? 2008 இதற்கு விடை சொன்னது. மைக்ரோசாஃப்ட் தன் பழைய பாடற்கடையை மூடியபின், அங்கே விற்ற பாடல்களுக்கு 2008 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினிகளில் உரிமம் வழங்க இயலாது என்று அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது. எதிர்ப்பு எழவே கெடுவை 2011 இறுதிவரை நீட்டித்தது. யாஹூ தன் வழங்கிகளை 2008 செப்டம்பர் 30 அன்று நிறுத்துவதாக அறிவித்து, வாங்கியவர்களுக்கு ஈடு கொடுக்க நேர்ந்தது. சோனியின் பாடற்கடை அதே ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டு, பழைய கணினி உயிரோடு இருக்கும்வரை மட்டுமே பாடும் என்பது அப்போது விளங்கியது.

அந்த ஆண்டின் கடைசி நாளில் இன்னொரு நிகழ்ச்சி. 2008 டிசம்பர் 31 அன்று 30 கிகாபைட் சூன் கருவிகள் ஒரே நாளில் உறைந்து நின்றன. அது நெட்டாண்டின் 366-ஆவது நாள். அந்த எண்ணை எதிர்பாராத கடிகார நிரல் சுழலில் மாட்டிக்கொண்டது. மின்கலம் தீரும்வரை காத்திருந்து, மறுநாள் மறுபடி இயக்குங்கள் என்பதே மருந்தாகச் சொல்லப்பட்டது. பெட்டிகளின் ஆயுள் எத்தனை மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேறு வழியில் சென்றவர்கள்

இக்காலத்தில் ஒரு சிறுபான்மையினர் வேறுவிதமாகத் தேர்ந்தெடுத்தார்கள். கொரியாவின் கோவான், ஐரிவர் போன்ற நிறுவனங்களின் கருவிகளைக் கணினியில் செருகினால் வெறும் வட்டுபோலத் திறக்கும். கோப்புகளை இழுத்துப் போடலாம், திரும்ப எடுக்கலாம். காப்புரிமைக் கட்டணமில்லாத ‘ஆக் வோர்பிஸ்’ வடிவத்தையும், ஒலியைக் கழிக்காமல் சுருக்கும் ‘ஃபிளாக்’ வடிவத்தையும் அவற்றில் பல பாடின. 2001-இன் இறுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த நிரலாளர்கள் ‘ராக்பாக்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கினர். கருவியோடு வந்த மென்பொருளை நீக்கிவிட்டு, தாமே எழுதிய திறந்த மென்பொருளை ஏற்றுவது அதன் நோக்கம். ஆர்க்கோஸ் கருவியில் தொடங்கிய அது பிறகு ஐரிவருக்கும் பழைய ஐபாடுகளுக்கும் பரவியது. கைவிடப்பட்ட பல பெட்டிகளுக்கு அது மறுவாழ்வு தந்தது.

இவ்வழியில் வசதிக்குறைவும் இருந்தது. பட்டியல்கள் கரடுமுரடானவை, பாடல்களை ஒழுங்குபடுத்தும் வேலையும் வாங்கியவர் தலையில்தான். எளிமையை விரும்பி ஐபாடை நாடியவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த மடல் ஒரு கணக்கைச் சொன்னது: அதுவரை விற்ற ஐபாடுகளையும் பாடல்களையும் வகுத்துப் பார்த்தால் ஒரு கருவிக்கு 22 பாடல்களே ஆப்பிள் கடையில் வாங்கப்பட்டவை. மற்றவையெல்லாம் பூட்டில்லாதவை. மக்கள் பெட்டியை ஏற்றுக்கொண்டார்கள். பூட்டைப் பெரும்பாலும் தவிர்த்தே வந்தார்கள். அந்த மடலில் அவர் பூட்டுகளை நீக்க இசை நிறுவனங்களே இசைய வேண்டும் என்றார். அவ்வாண்டு ஏப்ரலில் ஈ.எம்.ஐ. இசைந்தது, 2009 ஜனவரியில் ஆப்பிள் தன் கடைப் பாடல்கள் அனைத்தையும் பூட்டின்றி விற்பதாக அறிவித்தது.

தமிழ்ச் செவியின் தனிக் கணக்கு

இவ்வளவும் அயல்நாட்டுச் செய்தி என்று தோன்றலாம். ஆனால் அக்கருவிகள் நம்மிடமும் வந்தன. வரும்போது தம்மோடு ஓர் இசைமரபின் எடுகோள்களையும் கொண்டுவந்தன. பெரும்பாலான கருவிகள் பாட்டை மூன்று தலைப்பில் அடுக்கின: கலைஞர், தொகுப்பு, பாடல். மேலைநாட்டுப் பாடகருக்கு இது பொருந்தும். நம் திரைப்பாட்டில் ‘கலைஞர்’ யார்? இசையமைத்தவரா, பாடியவரா, எழுதியவரா? ஒரே பாட்டை ஒருவர் இளையராஜாவின் பெயரிலும், இன்னொருவர் எஸ். ஜானகியின் பெயரிலும் வைத்திருப்பார். பாடலாசிரியருக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. கண்ணதாசனைத் தேடிப் போனால் பட்டியலில் அவர் கிடைக்கமாட்டார். தமிழ் எழுத்தில் பெயரிட்டால் பல கருவிகள் கட்டங்களையோ கேள்விக்குறிகளையோ காட்டின. ஆகவே ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் பாடல்கள் குவிந்தன.

கச்சேரி கேட்பவரின் சிக்கல் வேறு. ஒரு கச்சேரிப் பதிவு ஆலாபனை, தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் எனத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். எம்.பி.3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் குறியாக்கத்தின்போது சிறு வெற்றிடம் சேர்ந்துவிடும். திரைப்பாட்டில் அது தெரியாது. தானம் முடிந்து பல்லவி எழும் இடத்தில், சுருதி அறுந்து மீண்டும் தொடங்கினால் தெரியாமல் போகுமா? ராக்பாக்ஸ் இந்த இடைவெளியை நீக்கிப் பாடியது. ஐபாடுக்கு இடைவெளியின்றிப் பாடும் திறன் 2006 செப்டம்பரில்தான் வந்தது. கர்நாடக இசை கேட்பவர் எதை வாங்குவது என்பதற்கு அட்டவணைகள் சொல்லாத விடைகளில் இதுவும் ஒன்று.

இன்றைய தயக்கம்

2008 நிதியாண்டில் ஆப்பிள் ஏறத்தாழ 5.5 கோடி ஐபாடுகளை விற்றது. அதுவே உச்சம். 2007-இல் வந்த ஐபோனும் அதைத் தொடர்ந்த கைபேசிகளும் இசைப்பானை விழுங்கின. வன்தட்டு ஐபாட் 2014-இலும், கடைசி ஐபாட் வகை 2022-இலும் நிறுத்தப்பட்டன. எம்.பி.3-க்கான உரிமக் கட்டணத் திட்டம் 2017-இல் முடிந்தது. எர்லாங்கனில் பிறந்த வடிவம் அன்று முதல் எவருக்கும் பொதுவாயிற்று. நேர்நகை முரண் என்னவென்றால், பூட்டுகள் விழுந்து வடிவமும் விடுதலையான அதே காலத்தில், கோப்பைச் சொந்தமாக வைத்திருக்கும் வழக்கமே தேய்ந்துபோனது. மாதக் கட்டணம் செலுத்தினால் கோடிக்கணக்கான பாடல்களைக் கேட்கலாம் என்ற ஸ்ட்ரீமிங் முறை வந்தது. வசதியை மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த சில வாரங்களில், ஒப்பந்தம் அமையாததால் சரிகம நிறுவனத்தின் பாடல்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. 2020-இல் ஒப்பந்தம் ஆன பிறகே திரும்பின. பழைய கிராமபோன் கம்பெனியின் வாரிசான சரிகமவிடம்தான் நம் பழைய திரைப்பாடல்களில் பெரும்பகுதி இருக்கிறது. இரு நிறுவனங்களின் பேச்சுவார்த்தை முடியும்வரை அந்தப் பாடல்கள் அந்தச் செயலியில் இல்லாமலே இருந்தன.

அதே சரிகம 2017-இல் ‘கார்வான்’ என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய வானொலிப் பெட்டியின் தோற்றம். உள்ளே 5,000 பாடல்கள். இந்திப் பெட்டி வெற்றிபெறவே தமிழ்ப் பெட்டியும் வந்தது. இணையம் வேண்டாம், தேட வேண்டாம், குமிழைத் திருகினால் போதும் என்ற எளிமை முதியவர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் பெட்டி பழுதானால் அந்த 5,000 பாடல்களும் அதனோடு போகும். எழுத்தாணியால் தொட முடியாத ஓலைச்சுவடி அது. படிக்கலாம், பெயர்த்தெழுத முடியாது.

தனி இசைப்பான்கள் இன்றும் அற்றுப்போகவில்லை. சோனி வாக்மேன் என்ற பெயரில் இன்றும் விற்கிறது. ஐரிவர் 2012-இல் தொடங்கிய ‘ஆஸ்டல் அண்டு கெர்ன்’ போன்ற விலையுயர்ந்த வகைகளும் உள்ளன. வாங்க நினைப்பவர் கொள்ளளவையும் மின்கலத்தையும் ஒப்பிடட்டும்; அதில் தவறில்லை. அந்த மின்கலம் சில நூறு முறை ஊட்டிய பிறகு தளரும், பெட்டி ஏழெட்டு ஆண்டுகளில் அலமாரியின் மூலைக்குப் போகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சீவக சிந்தாமணிச் சுவடியைத் தேடி ஊர் ஊராகப் போனவர், அது எந்த மரத்தின் ஓலை, எத்தனை எடை என்று கேட்டுக்கொண்டு போகவில்லை. எழுத்து தெளிவாக இருக்கிறதா, எடுத்துப் பிரதி செய்துகொள்ளத் தருவார்களா என்றே கேட்டார். கடைக்குப் போகும்போது நாமும் அதையே கேட்கலாம். சிலர் தரமாட்டோம் என்பார்கள். அங்கிருந்து நகர்ந்து அடுத்த கடைக்குப் போவதே முறை.